சாக்லேட்டில் காஃபீன்: உண்டா என்பதல்ல, எவ்வளவு என்பதே கேள்வி

தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று சொல்கிறவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரையில் “காபி, டீ, கோலா, சாக்லேட் எல்லாவற்றையும் குறையுங்கள்” என்ற வரி தவறாமல் இருக்கும். நான்கையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதால், நான்கிலும் காஃபீன் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கிறது என்ற எண்ணம் நம் மனதில் பதிந்துவிடுகிறது. ராத்திரி ஒரு துண்டு சாக்லேட் கேட்கும் பிள்ளையிடம் “சாப்பிட்டால் தூக்கம் கெடும்” என்று சொல்லும் வீடுகளில், அதே பிள்ளைக்குச் சாயங்காலம் டீ கொடுப்பது சாதாரணமாக நடக்கிறது. இதற்கு நேர் எதிரான கட்சியும் உண்டு. சாக்லேட்டில் இருப்பது காஃபீனே அல்ல, தியோப்ரோமின் என்ற வேறொரு பொருள்தான் என்று அவர்கள் அடித்துப் பேசுவார்கள். இரண்டு பேச்சும் தவறு. சாக்லேட்டில் காஃபீன் உண்டு. ஆனால் நாம் சாப்பிடும் அளவில் அது காபியோடும் டீயோடும் ஒரே வரியில் வைக்கத் தகுந்தது அல்ல. காஃபீனை நினைத்துச் சாக்லேட்டுக்குப் பயப்படுவது கணக்குப் பார்க்காமல் பயப்படுவது.

முதலில் இரண்டாவது கட்சியைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. காஃபீனும் தியோப்ரோமினும் ஒரே குடும்பத்து வேதிப்பொருள்கள். இரண்டுக்கும் அடிப்படை சாந்தைன் என்ற மூலக்கூறு. அதில் மூன்று இடங்களில் மெத்தில் தொகுதி ஒட்டியிருந்தால் காஃபீன், இரண்டு இடங்களில் மட்டும் ஒட்டியிருந்தால் தியோப்ரோமின். ஒரு கார்பன் அணு, இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் என்ற அளவில்தான் வித்தியாசம். காபிக்கொட்டையிலிருந்து காஃபீனை 1819இல் ஜெர்மானிய வேதியியலாளர் ரங்கே பிரித்தெடுத்தார். கொக்கோ விதையில் தியோப்ரோமினை 1841இல் ரஷ்யரான வொஸ்க்ரெசென்ஸ்கி கண்டறிந்தார். செடிக்குள் காஃபீன் தயாராகும் வரிசையில் கடைசிக்கு முந்தைய படியாக இருப்பதும் தியோப்ரோமின்தான். அதன்மேல் இன்னொரு மெத்தில் தொகுதி ஏறினால் காஃபீன் ஆகிவிடும். காபிச் செடியும் தேயிலைச் செடியும் அந்தக் கடைசிப் படியை ஏறி முடிக்கின்றன. கொக்கோ மரமோ பெரும்பாலும் அதற்கு முன்படியிலேயே நின்றுவிடுகிறது. கொஞ்சம்தான் மேலே போகிறது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவுச் சத்து அட்டவணைப்படி, சர்க்கரை சேர்க்காத 100 கிராம் கொக்கோத் தூளில் தியோப்ரோமின் சுமார் 2,050 மில்லிகிராம், காஃபீன் 230 மில்லிகிராம். ஒன்பதுக்கு ஒன்று. ஆகவே சாக்லேட்டின் முக்கியச் சரக்கு தியோப்ரோமின் என்பது சரி, காஃபீன் அறவே இல்லை என்பது பிழை. இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. நாம் குடிக்கும் காஃபீனை நம் கல்லீரல் உடைக்கும்போது, அதில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானதைத் தியோப்ரோமினாக மாற்றுகிறது. வாழ்நாளில் சாக்லேட்டைத் தொடாத காபிப் பிரியர் உடம்பிலும் தியோப்ரோமின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

ஒரு மெத்தில் தொகுதியில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். நிறையவே வருகிறது. நாம் விழித்திருக்கும் நேரம் முழுவதும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது. அது நரம்பு செல்களில் தனக்கென்று உள்ள ஏற்பிகளில் போய் உட்கார்ந்தால் செல்லின் சுறுசுறுப்பு அடங்கி, அசதியும் தூக்கமும் வரும். காஃபீன் செய்வது, பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற வேலை. தான் உட்கார்ந்து எந்த வேலையும் செய்யாது, அடினோசினையும் உட்கார விடாது. தியோப்ரோமினும் அதே இடத்தைப் பிடிக்கப் பார்க்கிறது. ஆனால் அந்த ஏற்பிகளோடு அதற்கு ஒட்டுதல் குறைவு, மூளைக்குள் நுழைவதிலும் அது காஃபீனுக்குப் பின்தங்கியே நிற்கிறது. அதனால் தூக்கத்தை விரட்டும் வேலையில் அது பலவீனமானது. அதன் வேலை பெரும்பாலும் கழுத்துக்குக் கீழே நடக்கிறது: ரத்தக் குழாய்களைச் சற்றுத் தளர்த்தும், சிறுநீரைக் கொஞ்சம் கூட்டும், மூச்சுக்குழாய்த் தசைகளை இளக்கும். விழிப்பு என்ற கேள்விக்கு, கணக்கில் எடுக்க வேண்டியது முதன்மையாகக் காஃபீனைத்தான்.

இனி எண்களுக்கு வரலாம். குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஊட்டச்சத்து அட்டவணைகள் எல்லாவற்றையும் 100 கிராமுக்குக் கணக்கிட்டுச் சொல்கின்றன. அப்படிப் பார்த்தால் மில்க் சாக்லேட்டில் காஃபீன் 20 மில்லிகிராம், தண்ணீரில் ஊறவைத்து வடித்த கறுப்புத் தேநீரிலும் 20 மில்லிகிராம். வடித்த காபியில் 40. கொக்கோ 70 சதவீதத்துக்கு மேல் உள்ள டார்க் சாக்லேட்டில் 80. அட்டவணையை மேலோட்டமாகப் பார்க்கிறவர் “காபியைப் போல இரண்டு மடங்கு காஃபீன்” என்று தலைப்புப் போட்டுவிடுவார். தலைப்பில் பொய் இல்லை, புத்திதான் இல்லை. காபியை நாம் ஒரு கோப்பை, அதாவது 200, 240 மில்லிலிட்டர் என்று குடிக்கிறோம். டார்க் சாக்லேட்டை இரண்டு சதுரம், மிஞ்சிப்போனால் 20 கிராம் தின்கிறோம். 240 மில்லி காபியில் 95 மில்லிகிராம், 20 கிராம் டார்க் சாக்லேட்டில் 16 மில்லிகிராம். அட்டவணையில் முன்னே நின்றது நிஜத்தில் ஆறில் ஒரு பங்குக்கு வந்துவிடுகிறது. தேயிலைக்கும் காபிக்கும் இடையே இதே கோளாறு உண்டு. காய்ந்த தேயிலையில் காஃபீன் எடையில் சுமார் 3 சதவீதம். அராபிகா காபிக்கொட்டையில் 1.2 சதவீதம். எடைக்கு எடை தேயிலைதான் வலுவானது. ஆனால் ஒரு கோப்பைக்கு இரண்டு கிராம் தேயிலை போடுகிற கை, காபித் தூளை எட்டு கிராம் போடுகிறது.

நம் வீட்டு ஃபில்டர் காபியையே எடுத்துக்கொள்வோம். ஒரு டம்ளருக்கு 8 கிராம் தூள், அதில் 30 சதவீதம் சிக்கரி என்று வைத்துக்கொண்டால், உண்மையான காபி 5.6 கிராம். சிக்கரி என்பது ஒரு செடியின் வேர். அதில் காஃபீன் கிடையாது. டிகாக்‌ஷனுக்குக் கருமையும் கெட்டித்தன்மையும் தந்து, காஃபீனைக் குறைக்கிற சரக்கு அது. மீதியுள்ள காபி முழுக்க அராபிகா என்றால் அதில் இருக்கும் மொத்தக் காஃபீன் சுமார் 67 மில்லிகிராம். ரொபஸ்டா என்றால், அதில் காஃபீன் 2.2 சதவீதம் வாக்கில் இருப்பதால், 123 மில்லிகிராம். தூளில் உள்ளது எல்லாம் டிகாக்‌ஷனில் இறங்கிவிடாது என்பதால் இவை உச்ச வரம்புகள். டீக்கடை டீயில் இரண்டு கிராம் டஸ்ட் தூள் கொதித்து முழுதாக இறங்கினால் 60 மில்லிகிராம். கொதிக்க வைத்துக் குடிக்கும் நம் டீ, வெந்நீரில் பையை முக்கி எடுக்கும் டீயை விடக் காட்டமானதாக இருப்பதில் வியப்பில்லை. இன்ஸ்டன்ட் காபித் தூள் ஒரு டீஸ்பூனில் ஏறக்குறைய அதே 60. இப்போது 40 கிராம் மில்க் சாக்லேட் பார் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள்: 8 மில்லிகிராம். சிக்கரி கலந்த மென்மையான அராபிகா காபிக்கு ஈடுகட்டவே எட்டு பாருக்கு மேல், 335 கிராம் சாக்லேட் தின்ன வேண்டும். மில்க் சாக்லேட்டில் ஏறத்தாழ பாதி சர்க்கரை என்பதால் அதோடு 170 கிராம் சர்க்கரையும் உள்ளே போகும். அவ்வளவையும் ஒரே மூச்சில் தின்கிறவர் கவலைப்பட வேண்டியது காஃபீனைப் பற்றி அல்ல.

சாக்லேட்டை ஊற்றியும் தூவியும் செய்கிற பண்டங்களிலும் காஃபீன் குறைவுதான். ஐந்து கிராம் கொக்கோத் தூளில் 11 அல்லது 12 மில்லிகிராம் காஃபீன். 50 கிராம் தூள் போட்டுச் செய்த கேக்கைப் பத்துத் துண்டாக வெட்டினால் துண்டுக்கு அதே அளவு. காஃபீன் நீக்கிய காபி என்று விற்கப்படுவதில்கூட ஒரு கோப்பைக்கு 2 முதல் 5 மில்லிகிராம் மிச்சம் இருக்கும். சாக்லேட் பால் ஏறக்குறைய அந்த வரிசையில்தான் வரும். காபிக்கொட்டையையே உள்ளே வைத்துச் செய்த சாக்லேட், மோக்கா போன்றவை தனி. அவற்றில் பேசுவது காபி, சாக்லேட் அல்ல.

டார்க் சாக்லேட் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் என் வாதத்துக்கு எதிராக வைக்கப்படும் வலுவான சான்று அதுதான். உடம்புக்கு நல்லது என்று கேள்விப்பட்டு, 70, 85 சதவீதம் என்று அச்சிட்ட 100 கிராம் பாரை ஒரே இருப்பில் முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு 80 மில்லிகிராம் காஃபீன் போகிறது. அது ஒரு டம்ளர் காபிக்குச் சமம், மறுக்க முடியாது. ஆனால் உறையில் உள்ள சதவீதத்தை வைத்துக் காஃபீனை அளந்துவிடலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். கொக்கோ விதையை வறுத்து அரைத்தால் வருகிற கூழில் பாதிக்குமேல் கொழுப்பு; அதுதான் கொக்கோ வெண்ணெய். 1828இல் டச்சுக்காரரான வான் ஹவுட்டன் அந்தக் கொழுப்பைப் பிழிந்து எடுக்கும் அழுத்த முறைக்குக் காப்புரிமை பெற்றார். மிஞ்சிய பிண்ணாக்கைப் பொடித்தால் கொக்கோத் தூள். காஃபீனும் தியோப்ரோமினும் இந்தக் கொழுப்பில்லாத பகுதியில்தான் தங்குகின்றன. உறையில் அச்சிடும் 70 சதவீதமோ வெண்ணெயையும் தூளையும் சேர்த்த கணக்கு. வெண்ணெய் தாராளமாகச் சேர்த்த 70 சதவீத சாக்லேட்டில் காஃபீன் குறைவாகவும், தூள் மிகுந்த 70 சதவீதத்தில் கூடுதலாகவும் இருக்கும். வெறும் வெண்ணெய், பால், சர்க்கரையில் செய்கிற வெள்ளைச் சாக்லேட்டில் காஃபீன் இல்லை என்றே சொல்லலாம். விதையின் ரகமும் கணக்கை மாற்றும். கிரியோல்லோ ரகத்தில் தியோப்ரோமினோடு ஒப்பிடக் காஃபீனின் பங்கு அதிகம். உலகச் சந்தையில் பெருமளவு விற்கும் ஃபொராஸ்டெரோ வகையில் குறைவு. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக விளையும் கொக்கோவை உடைத்து, வெள்ளைச் சதையோடு விதைகளைக் குவித்து மூடிச் சில நாள் புளிக்க விடுவார்கள். புளிக்கும்போது எழும் சூட்டில் விதை முளைக்கும் திறனை இழக்கும். உள்ளிருக்கும் தியோப்ரோமினிலும் காஃபீனிலும் ஒரு பகுதி மேல்தோட்டுக்குக் கசிந்துவிடும். எத்தனை நாள் புளித்தது என்பதுவரை காஃபீன் கணக்கில் வருகிறது. உறையில் உள்ள ஓர் எண் இதையெல்லாம் சொல்லாது.

கசப்பை வைத்து அளக்கும் பழக்கமும் உண்டு: கசந்தால் காஃபீன் அதிகம் என்று. காஃபீன் கசக்கும்தான், ஆனால் காபியின் கசப்பில் அதன் பங்கு சிறியது, பெரும்பகுதி வறுக்கும்போது உண்டாகும் வேறு சேர்மங்களுடையது. அதனால்தான் காஃபீன் நீக்கிய காபியும் கசக்கிறது. டார்க் சாக்லேட்டின் கசப்பிலும் தியோப்ரோமினுக்கும் பாலிஃபீனால்களுக்கும் பெரிய பங்கு. நாக்கு இந்த வேலைக்கு நல்ல தராசு அல்ல.

“நீங்கள் எண்ணைச் சொல்கிறீர்கள், ஆனால் சாக்லேட் சாப்பிட்டால் எனக்கு உற்சாகம் வருகிறதே” என்ற மறுப்பைத் தள்ளிவிட முடியாது. இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்மிட், ராஜர்ஸ் ஆகியோர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், 11.6 கிராம் கொக்கோத் தூளும், தனியே அதில் உள்ள அளவிலேயே 19 மில்லிகிராம் காஃபீனும் 250 மில்லிகிராம் தியோப்ரோமினும் சேர்ந்த கலவையும் கொடுத்துப் பார்க்கப்பட்டன. மருந்தில்லாத போலி மாத்திரையோடு ஒப்பிட, இரண்டிலுமே சுறுசுறுப்பும் எதிர்வினை வேகமும் சற்றுக் கூடியிருந்தன. அதற்கும் முன்னால், 1987இல் ஹாரிஸ் லீபர்மேன் குழுவினர் 32 மில்லிகிராம் காஃபீனே கவனத்தைக் கூட்டப் போதும் என்று காட்டியிருந்தார்கள். ஆகவே சிறிய அளவு என்றால் விளைவே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆய்வில் தந்த அளவைக் கவனியுங்கள். 250 மில்லிகிராம் தியோப்ரோமின் என்பது 30 கிராம் டார்க் சாக்லேட். மில்க் சாக்லேட் என்றால் 120 கிராம், மூன்று பார். நம் கடைகளில் பெரிதும் விற்கிற பால் மிகுந்த சாக்லேட்டில் ஒரு பார் தின்றதும் வருகிற உற்சாகத்தில் பெரும்பங்கு சர்க்கரைக்கும், வாயில் உருகும் கொழுப்புக்கும், பிடித்ததைத் தின்ற மகிழ்ச்சிக்கும் உரியது. கவனம் சற்றுக் கூடுவது ஒன்று, ராத்திரி தூக்கம் கெடுவது வேறு. முதலாவதற்கான சான்றை இரண்டாவதற்குக் காட்டக்கூடாது.

குழந்தைகள் விஷயம் தனியாகப் பார்க்க வேண்டியது. எடை குறைவாக இருப்பதால் அதே மில்லிகிராம் அவர்கள் உடம்பில் கூடுதலாக வேலை செய்யும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரையிலும், குழந்தைகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் வரையிலும் கவலைக்கு இடமில்லை என்றது. 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 60 மில்லிகிராம். ஒரு மில்க் சாக்லேட் பார் அதில் எட்டில் ஒரு பங்குக்கு வரும். 300 மில்லி கோலா ஏறக்குறைய 29 மில்லிகிராம், பாதி கணக்கு முடிந்தது. இந்தியாவில் காஃபீன் பானங்களுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்துள்ள அளவு லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம். உச்ச அளவில் உள்ள 250 மில்லி எனர்ஜி டிரிங்க் டப்பா ஒன்றில் 75 மில்லிகிராம், பிள்ளையின் வரம்பைத் தாண்டிவிட்டது. குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்ற எச்சரிக்கை அந்த டப்பாவிலேயே சிறு எழுத்தில் இருக்கும். சாக்லேட்டைப் பிடுங்கி வைக்கிற கை, பிறந்தநாள் விருந்தில் கோலாவை ஊற்றிக் கொடுப்பதுதான் எனக்கு விளங்காத நியாயம். சாக்லேட்டால் குழந்தைக்கு வரும் உண்மையான கேடு பல்லிலும் எடையிலும் தெரியும். அதற்காகக் குறைக்கச் சொல்லுங்கள், அது நேர்மையான காரணம்.

கர்ப்பிணிகளுக்கு வரம்பு 200 மில்லிகிராம். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் காஃபீனைக் கல்லீரல் வெளியேற்றும் வேகம் வெகுவாகக் குறைந்து, உடம்பில் பாதி குறையவே பதினைந்து மணி நேரம்வரை ஆகலாம். அவர்கள் ஒரு நாளில் இரண்டு காபி குடித்துவிட்டு டார்க் சாக்லேட்டும் தின்றால் அதையும் கூட்டிக்கொள்வது நல்லது. காஃபீனைச் சிதைக்கும் நொதி பிறவியிலேயே மந்தமாக இருப்பவர்களுக்கும் இதே புத்திமதி. ஆனால் இங்கும் சாக்லேட் கடைசியில் சேர்க்கும் சில்லறைதான், பெரிய தொகை டம்ளரில் இருக்கிறது.

தியோப்ரோமினை அற்பமாக நினைக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு: நாய். மனித உடம்பில் சுமார் ஏழு முதல் பத்து மணி நேரத்தில் பாதியாகக் குறைகிற தியோப்ரோமின், நாயின் உடம்பில் பாதியாக 17 மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். கிலோவுக்கு 20 மில்லிகிராம் போனாலே வாந்தி, தாகம், அமைதியின்மை தொடங்கும்; 40, 50 ஆனால் இதயத் துடிப்பு தடம் மாறும்; 60 ஆனால் வலிப்பு. பத்து கிலோ நாய்க்கு முதல் எல்லையைத் தொட 25 கிராம் டார்க் சாக்லேட் அல்லது இரண்டு டேபிள்ஸ்பூன் கொக்கோத் தூள் போதும். கொக்கோத் தோட்டை உரமாகத் தொட்டிச் செடிக்குப் போடுகிறவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும். புளிக்கும்போது கசிந்தது அந்தத் தோட்டில்தான் இருக்கிறது. மனிதர்களுக்கு இல்லாத அபாயத்தைச் சாக்லேட்டில் தேடுகிற நாம், நிஜமான அபாயம் உள்ள பிராணிக்குச் செல்லமாக ஒரு துண்டை ஊட்டிவிடுகிறோம்.

சரி, தூக்கம் வராதவர் என்ன செய்வது? பெரியவர்கள் உடம்பில் காஃபீன் பாதியாகக் குறையச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஐந்து மணிக்கு ஒரு காட்டமான டீயில் 60 மில்லிகிராம் போயிருந்தால், இரவு பத்து மணிக்குப் படுக்கும்போது 30 மில்லிகிராம் உடம்பில் மிச்சம். மூன்றரை மில்க் சாக்லேட் பாருக்கும் அதிகமான கணக்கு அது. சாக்லேட் டப்பாவை ஒளித்து வைப்பதற்கு முன்னால் அந்த ஐந்து மணி டீயை ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள்.